கண் சொட்டு மருந்துகளில் காப்புப்பொருளை அளவிடல்

கண் சொட்டு மருந்துகளில் காப்புப்பொருளை அளவிடல் என்பது, கண் மருந்துக் குப்பியில் நுண்ணுயிர்கள் வளராமல் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள் எவ்வளவு உள்ளது என்பதைக் கண்டறியும் பகுப்பாய்வு ஆகும். இதற்குப் பெரிதும் பயன்படுவது உயர் செயல்திறன் நீர்ம நிறப்பிரிகை என்னும் முறை. ஆய்வகங்களில் இது எச்.பி.எல்.சி. என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. கண் மருந்துகளில் மிகப் பரவலாகச் சேர்க்கப்படும் காப்புப்பொருள் பென்சல்கோனியம் குளோரைடு ஆகும். இக்கட்டுரை அதனை அளவிடும் முறையையே முதன்மையாக விளக்குகிறது.

காப்புப்பொருள் குறைந்தால் மருந்தில் கிருமிகள் பெருகக்கூடும். கூடினால் கண்ணின் மேற்பரப்பு பாதிக்கப்படும். எனவே அது ஒரு குறுகிய வரம்புக்குள் இருத்தல் வேண்டும். ஆனால் பென்சல்கோனியம் குளோரைடை அளப்பது எளிதன்று. அது மருந்தில் மிகக் குறைந்த செறிவில் உள்ளது. அது தனியொரு சேர்மம் அன்று, ஒத்த அமைப்புடைய பல சேர்மங்களின் கலவை. மேலும் குப்பி, வடிகட்டி போன்றவற்றின் பரப்புகளில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. இம்மூன்றையும் கருத்திற் கொள்ளாமல் பெறப்படும் எண், கருவி எவ்வளவு சிறந்ததாயினும், தவறாகவே இருக்கும்.

காப்புப்பொருளின் தேவை

கண் சொட்டு மருந்துகள் தொழிற்சாலையில் நுண்ணுயிர் நீக்கப்பட்ட நிலையில் அடைக்கப்படுகின்றன. மூடி திறக்கப்படும் வரை அந்நிலை நீடிக்கும். திறந்தபின் குப்பியின் முனை விரல், இமை, கண்ணீர், காற்று ஆகியவற்றோடு தொடர்பு கொள்கிறது. சொட்டு விழுந்தவுடன் அழுத்தப்பட்ட குப்பி பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது வெளிக்காற்றையும், சில வேளைகளில் முனையில் நிற்கும் நீர்மத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவ்வழியே நுழையும் நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுப்பதே காப்புப்பொருளின் பணி.

கண் மருந்துகளைப் பொறுத்தவரை மிகவும் அஞ்சப்படும் நுண்ணுயிர் சூடோமோனாஸ் எருஜினோசா என்னும் பாக்டீரியா ஆகும். சிறிதளவே ஊட்டம் உள்ள நீரிலும் இது வளரவல்லது. கருவிழியைத் தாக்கினால் விரைவாகப் புண்ணை உண்டாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடியது. பென்சல்கோனியம் குளோரைடுடன் எடிடிஏ என்னும் சேர்மமும் பல மருந்துகளில் சேர்க்கப்படுவதற்கு இப்பாக்டீரியா ஒரு முக்கியக் காரணம். எடிடிஏ இதன் வெளிச்சவ்வில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பற்றிக்கொண்டு சவ்வைத் தளர்த்துகிறது. அதன்பின் காப்புப்பொருள் எளிதில் உள்நுழைகிறது.

மிகுதியால் விளையும் தீங்கு

பென்சல்கோனியம் குளோரைடு பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வைச் சிதைத்துக் கொல்கிறது. கண்ணின் மேற்பரப்பிலுள்ள உயிரணுக்களுக்கும் சவ்வு உண்டு. எனவே கிருமியைக் கொல்லும் அதே செயல், செறிவு கூடும்போதும் நெடுநாள் பயன்படுத்தும்போதும் கண்ணுக்கும் தீங்காகிறது. கண்ணீர்ப் படலத்தின் நிலைத்தன்மை குறைதல், சளிச்சுரப்பை அளிக்கும் உயிரணுக்கள் குறைதல், கருவிழியின் மேலடுக்கு உயிரணுக்கள் சிதைதல், எரிச்சல், உலர்வு ஆகியன அறியப்பட்ட விளைவுகள்.

சில நாட்களுக்கு மட்டும் மருந்திடுவோருக்கு இது பெரும்பாலும் சிக்கலாவதில்லை. கண் அழுத்த நோய் உள்ளோர் ஆண்டுக்கணக்கில், நாள்தோறும் மருந்திட வேண்டியவர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு சொட்டிலும் உள்ள அளவு முக்கியமானது.

கண் மருந்துகளில் இதன் செறிவு பொதுவாக 0.004 முதல் 0.02 விழுக்காடு வரை அமைகிறது. 0.01 விழுக்காடு என்பது ஒரு மில்லிலிட்டரில் 100 மைக்ரோகிராம் ஆகும். ஒரு சொட்டு ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர் எனக் கொண்டால், அச்சொட்டில் 5 மைக்ரோகிராம் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கும். அளவிடப்பட வேண்டியது இத்தகைய சிற்றளவே.

மென்மையான தொடுவில்லைகள் இப்பொருளை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. இக்காரணத்தால் இப்பொருள் அடங்கிய மருந்துகளை இடும்முன் தொடுவில்லைகளை அகற்றவும், குறைந்தது 15 நிமிடங்கள் கழித்தே மீண்டும் அணியவும் அறிவுறுத்தப்படுகிறது.

பென்சல்கோனியம் குளோரைடின் அமைப்பு

பென்சல்கோனியம் குளோரைடு நான்கிணைய அமோனியம் உப்பு வகையைச் சேர்ந்தது. இதன் மையத்தில் நேர்மின் ஏற்றமுடைய ஒரு நைதரசன் அணு உள்ளது. அதனுடன் இரு மெத்தில் தொகுதிகளும், ஒரு பென்சைல் தொகுதியும், ஒரு நீண்ட கரிமத் தொடரும் இணைந்துள்ளன. குளோரைடு அயனி எதிர்மின் இணையாக அமைகிறது. நீரை நாடும் மின்னேற்றப் பகுதியும், நீரை விலக்கும் நீண்ட தொடரும் ஒரே மூலக்கூறில் இருப்பதால் இது சோப்பைப் போலப் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, குலுக்கினால் நுரைக்கிறது. இதன் நுண்ணுயிர்க்கொல்லித் தன்மையை 1935 ஆம் ஆண்டில் செருமானிய அறிவியலாளர் கெர்கார்டு டோமாக் அறிவித்தார். சல்பா மருந்துகளுக்கு வழிவகுத்த பிரோண்டோசில் தொடர்பான ஆய்வுக்காக 1939 ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்குத் தெரிவு செய்யப்பட்டவரும் இவரே.

நீண்ட தொடரில் உள்ள கரிம அணுக்களின் எண்ணிக்கை எல்லா மூலக்கூறுகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. 8 முதல் 18 வரை கரிம அணுக்கள் கொண்ட தொடர்கள் கலந்திருக்கும். 12, 14, 16 கரிம அணுக்கள் கொண்டவையே முதன்மையானவை. இவ்வாறு தொடரின் நீளத்தால் மட்டும் வேறுபடும் சேர்மங்கள் படிவரிசைச் சேர்மங்கள் எனப்படும். மருந்துத் தரத்துக்கான அமெரிக்க மருந்து நூலின் வரையறைப்படி 12 கரிமச் சேர்மம் 40 விழுக்காட்டுக்குக் குறையாமலும், 14 கரிமச் சேர்மம் 20 விழுக்காட்டுக்குக் குறையாமலும், இரண்டும் சேர்ந்து 70 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். நுண்ணுயிர்களுக்கு எதிரான ஆற்றல் தொடரின் நீளத்தைப் பொறுத்து மாறுவதால் இவ்வரையறை தேவைப்படுகிறது.

இவ்வரையறைக்குள்ளும் கலவை விகிதம் பலவாறாக அமையலாம். இரு வெவ்வேறு உற்பத்தியாளர்களிடம் வாங்கிய மூலப்பொருள்கள் இரண்டும் தரமானவையாக இருந்தும், அவற்றின் விகிதம் வேறுபட்டிருக்கக்கூடும். அளவிடும் முறை இவ்வேறுபாட்டைக் காணவல்லதாக இருத்தல் வேண்டும்.

பழைய முறைகள்

நீர்ம நிறப்பிரிகை பரவுவதற்கு முன் தரம்பார்த்தல் முறைகளே பயன்பட்டன. ஒரு முறையில் கரைசலுடன் அளவறிந்த பொட்டாசியம் அயோடைடு சேர்க்கப்படும். பென்சல்கோனியத்துடன் சேராமல் எஞ்சும் அயோடைடு, பொட்டாசியம் அயோடேட்டுக் கரைசலால் தரம்பார்க்கப்படும். வேறொரு முறையில், பென்சல்கோனியம் ஒரு சாயத்துடன் இணைந்து நிறமுள்ள சேர்மமாகி குளோரோபார்ம் போன்ற கரைப்பானுக்குச் செல்லும். அந்நிறத்தின் செறிவு அளக்கப்படும்.

செறிவு மிகுந்த மூலப்பொருளுக்கு இம்முறைகள் பொருந்தும். கண் மருந்துக்கு இவற்றில் இரு குறைகள் உண்டு. முதலாவதாக, இவை மொத்த அளவை மட்டுமே தருகின்றன; எந்தத் தொடர் எவ்வளவு என்று சொல்வதில்லை. இரண்டாவதாக, மருந்தில் உள்ள வேறு நேர்மின் அயனிகளும் அதே வினையில் பங்கேற்றால், அவையும் காப்புப்பொருளாகவே கணக்கிடப்பட்டுவிடும். முதலில் பிரித்து, அதன்பின் அளக்கும் முறை தேவைப்பட்டதற்கு இதுவே காரணம்.

நீர்ம நிறப்பிரிகையின் அடிப்படை

நிறப்பிரிகையைக் கண்டறிந்தவர் உருசியத் தாவரவியலாளர் மிகைல் சுவெத் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர், இலைச் சாற்றைத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே கரைப்பானுடன் ஊற்றி, அதிலுள்ள நிறமிகள் வெவ்வேறு வண்ணப் பட்டைகளாகப் பிரிவதைக் காட்டினார். முறையின் பெயரில் நிறம் என்ற சொல் இடம்பெற்றது இதனால்தான். பிரிக்கப்படும் பொருளுக்கு நிறம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1941 ஆம் ஆண்டில் ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்டு சிஞ்சு ஆகியோர் பங்கீட்டு நிறப்பிரிகையை உருவாக்கினர். அதற்காக 1952 ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். உயர் அழுத்தத்தில் இயங்கும் இன்றைய வடிவம் 1960களின் பிற்பகுதியில் உருவானது.

இம்முறையில் இரு நிலைமைகள் உள்ளன. மிக நுண்ணிய துகள்கள் நெருக்கமாக நிரப்பப்பட்ட எஃகுக் குழாய் நிலையான நிலைமை ஆகும். அதன் வழியே எக்கியால் செலுத்தப்படும் கரைப்பான் நகரும் நிலைமை ஆகும். மாதிரியின் சில மைக்ரோலிட்டர் இவ்வோட்டத்தில் செலுத்தப்படுகிறது. அதிலுள்ள ஒவ்வொரு சேர்மமும் துகள்களின் பரப்பில் சிறிது நேரம் தங்கியும், கரைப்பானுடன் சிறிது நேரம் நகர்ந்தும் முன்னேறுகிறது. பரப்பின்பால் மிகுந்த நாட்டம் உடையது பின்தங்கும். குறைந்த நாட்டம் உடையது முந்திச் செல்லும்.

ஒரு கடைத்தெரு வழியே பலர் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கினர் எனக் கொள்வோம். ஒவ்வொரு கடையிலும் நிற்பவர் கடைசியில் வெளிவருவார்; எங்கும் நில்லாதவர் முதலில் வெளிவருவார். குழாயினுள் நிகழ்வதும் இதனை ஒத்ததே. குழாயின் முடிவில் உள்ள உணரி, வெளிவரும் ஒவ்வொரு சேர்மத்தையும் ஒரு முகடாக வரைகிறது. முகடு தோன்றும் நேரம் தங்கும் நேரம் எனப்படும். அது சேர்மம் எதுவென அறிய உதவுகிறது. முகட்டின் கீழுள்ள பரப்பு, அச்சேர்மத்தின் அளவைத் தருகிறது.

அளவிடும் முறை

பிரிகைக் குழாய்

பொதுவாக 15 அல்லது 25 சென்ட்டிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட குழாய்கள் பயன்படுகின்றன. உள்ளே சிலிக்காத் துகள்கள் நிரப்பப்பட்டிருக்கும். துகள்களின் பரப்பில் 18 அல்லது 8 கரிம அணுக்கள் கொண்ட தொடர்களையோ, சயனோ தொகுதிகளையோ பிணைத்திருப்பர். பென்சல்கோனியம் குளோரைடுக்குச் சயனோ வகைக் குழாய் பெரிதும் விரும்பப்படுகிறது. நீரை விலக்கும் 18 கரிமப் பரப்பில் இதன் நீண்ட தொடர்கள் அளவுக்கு மீறித் தங்கிவிடும். சயனோ பரப்பு மிதமானது என்பதால் எல்லாச் சேர்மங்களும் ஏற்ற நேரத்தில் வெளிவருகின்றன. கரிமத் தொடர் நீள நீளத் தங்கும் நேரமும் கூடுகிறது. எனவே 12, 14, 16 என்ற வரிசையிலேயே முகடுகள் தோன்றும்.

நகரும் நிலைமை

அசிட்டோநைட்ரைலும் நீரிய தாங்கல் கரைசலும் கலந்த கலவை வழக்கமாகப் பயன்படுகிறது. தாங்கல் கரைசல் இங்கு ஒரு குறிப்பிட்ட பணியைச் செய்கிறது. சிலிக்காத் துகளின் பரப்பில் மூடப்படாமல் எஞ்சியுள்ள சிலானால் தொகுதிகள் எதிர்மின் ஏற்றம் பெறக்கூடியவை. நேர்மின் ஏற்றமுடைய பென்சல்கோனியம் அவற்றில் சிக்கிக்கொண்டு மெல்ல விடுபடும். அதனால் முகடு சமச்சீராக அமையாமல் வால் போல நீளும். வால் நீண்ட முகட்டின் பரப்பைச் சரியாகக் கணிப்பது கடினம். பி.எச். மதிப்பைத் தாழ்வாக வைத்தல், தாங்கல் உப்பின் செறிவை உயர்த்துதல், டிரைஎத்திலமீன் போன்ற காரத்தைச் சிறிது சேர்த்தல் ஆகியன இதற்குத் தீர்வுகள்.

உணரி

பென்சைல் தொகுதியில் உள்ள வளையம் புறஊதா ஒளியை உட்கவர்வதால் புறஊதா உணரியே போதுமானது. ஆனால் அலைநீளத்தைத் தெரிவு செய்வதில் ஒரு விட்டுக்கொடுப்பு உள்ளது. 254 முதல் 262 நானோமீட்டர் வரையிலான பகுதியில் உட்கவர்தல் குறைவு; எனினும் இடையூறு தரும் பிற பொருள்களும் அங்குக் குறைவு. 210 நானோமீட்டர் அருகே உட்கவர்தல் பன்மடங்கு கூடுதல். ஆயினும் மருந்தின் பிற கூறுகளும் அங்கு ஒளியை உட்கவரும். அசிட்டேட்டுத் தாங்கலும் அப்பகுதியில் ஒளியை உட்கவர்வதால், தாழ்ந்த அலைநீளத்துக்குப் பாசுப்பேட்டுத் தாங்கலே ஏற்றது.

கண்ணீர், கண் திசு போன்றவற்றில் உள்ள மிகச் சிறிய அளவுகளை ஆராயும்போது நிறை நிறமாலைமானி இணைக்கப்பட்ட கருவி பயன்படுகிறது. 12, 14, 16 கரிமச் சேர்மங்களின் நேர்மின் அயனிகள் அதில் முறையே 304, 332, 360 என்ற நிறை எண்களில் தோன்றும்.

மாதிரி தயாரித்தல்

நீர்த்த, தெளிவான மருந்தாயின் நகரும் நிலைமையுடன் கலந்து நீர்த்தாலே போதும். பாகுத்தன்மைக்காகப் பல்பகுதியங்கள் சேர்க்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் போன்றவற்றில் அவ்வாறு இயலாது. பல்பகுதியம் குழாயை அடைத்துவிடும். கரிமக் கரைப்பான் சேர்த்துப் பல்பகுதியத்தை வீழ்படிவாக்கி, மையவிலக்கியால் பிரித்து, தெளிந்த நீர்மத்தை எடுக்க வேண்டியிருக்கும். கார்பாக்சிமெத்தில் செல்லுலோசு எதிர்மின் ஏற்றமுடையது. அது நேர்மின் ஏற்றமுடைய பென்சல்கோனியத்தைப் பற்றிக்கொள்ளும். வீழ்படிவோடு காப்புப்பொருளும் சென்றுவிடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கணக்கீடு: ஓர் எடுத்துக்காட்டு

அளவறிந்த செந்தரக் கரைசலின் முகட்டுப் பரப்புகளோடு மாதிரியின் பரப்புகளை ஒப்பிட்டே செறிவு கணிக்கப்படுகிறது. பின்வரும் எண்கள் கணக்கீட்டை விளக்குவதற்காக மட்டும் அமைக்கப்பட்டவை.

சிட்டையில் 0.01 விழுக்காடு, அதாவது மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் எனக் குறிக்கப்பட்ட மருந்தில் 5 மில்லிலிட்டர் எடுக்கப்பட்டு 10 மில்லிலிட்டராக நீர்க்கப்படுகிறது. செந்தரக் கரைசலின் செறிவு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம்.

12 கரிமச் சேர்மம்: செந்தரத்தில் 310 அலகுகள், மாதிரியில் 296 அலகுகள்
14 கரிமச் சேர்மம்: செந்தரத்தில் 170 அலகுகள், மாதிரியில் 158 அலகுகள்
16 கரிமச் சேர்மம்: செந்தரத்தில் 20 அலகுகள், மாதிரியில் 16 அலகுகள்
மொத்தம்: செந்தரத்தில் 500 அலகுகள், மாதிரியில் 470 அலகுகள்

செறிவு = (470 ÷ 500) × 50 × 2 = 94 மைக்ரோகிராம். அதாவது சிட்டையில் குறித்த அளவில் 94 விழுக்காடு.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரே ஒரு பென்சைல் வளையமே உள்ளது. அவ்வளையத்தின் உட்கவர்தலை அளப்பதால், முகட்டின் பரப்பு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் காட்டுகிறதேயன்றி அவற்றின் நிறையைக் காட்டுவதில்லை. 12, 14, 16 கரிமச் சேர்மங்களின் மூலக்கூற்று நிறைகள் முறையே ஏறத்தாழ 340, 368, 396 ஆகும். எனவே நிறையை அறிய ஒவ்வொரு பரப்பையும் அதன் மூலக்கூற்று நிறையால் பெருக்க வேண்டும். அவ்வாறு செய்தால் மேற்கண்ட எடுத்துக்காட்டில் செந்தரத்தின் கூட்டுத்தொகை 1,75,880 எனவும், மாதிரியின் கூட்டுத்தொகை 1,65,120 எனவும் கிடைக்கும். விடை 93.9 விழுக்காடு. இங்கு வேறுபாடு சிறியது. இரு கரைசல்களிலும் கலவை விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே அதற்குக் காரணம். செந்தரம் முழுவதும் 12 கரிமச் சேர்மமாகவும், மாதிரி முழுவதும் 14 கரிமச் சேர்மமாகவும் இருப்பின், திருத்தம் செய்யாத கணக்கு உண்மையை விட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைத்துக் காட்டும்.

முகடுகளைத் தனித்தனியாக நோக்குவதால் மற்றொரு செய்தியும் கிடைக்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 12 கரிமச் சேர்மம் செந்தரத்தில் உள்ளதில் 95.5 விழுக்காடும், 14 கரிமச் சேர்மம் 92.9 விழுக்காடும், 16 கரிமச் சேர்மம் 80 விழுக்காடும் மட்டுமே மாதிரியில் உள்ளன. தொடர் நீள நீள இழப்பும் கூடுகிறது. மூலப்பொருளின் விகிதமே வேறாக இருந்திருக்கலாம். அது செந்தரத்தை ஒத்தது என உறுதியானால், நீண்ட தொடர்கள் ஏதோ ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டன என்று ஐயுற இடமுண்டு. மொத்த அளவை மட்டும் தரும் தரம்பார்த்தல் முறையால் இதனைக் காண இயலாது.

பிழை நேரும் இடங்கள்

பரப்புக் கவர்தல். பென்சல்கோனியம் குளோரைடு நெகிழி, இரப்பர், வடிகட்டிச் சவ்வு ஆகியவற்றின் பரப்பில் ஒட்டுகிறது. ஒரு மில்லிலிட்டரில் சில பத்து மைக்ரோகிராமே உள்ளபோது, சிறிய வடிகட்டியும் குறிப்பிடத்தக்க அளவைக் கவர்ந்துவிடும். வடிகட்டிய கரைசலின் முதல் சில மில்லிலிட்டரை நீக்கிவிட்டுப் பிற்பகுதியைப் பயன்படுத்துவதும், வடிகட்டியதையும் வடிகட்டாததையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் வழக்கம்.

இவ்விழப்பு இரு வகைப்படும். மருந்து குப்பியில் இருந்த மாதங்களில் குப்பியின் சுவரில் ஒட்டியிருந்தால் அது உண்மையான குறைவு. நோயாளிக்குக் கிடைக்கும் மருந்திலும் அக்குறைவு இருக்கும். ஆய்வகத்தின் வடிகட்டியில் ஒட்டியிருந்தால் அது பொய்யான குறைவு. கருவி இரண்டையும் ஒரே மாதிரியாகவே காட்டும். முன்னதைப் பின்னது எனக் கருதினால் காப்பற்ற மருந்து கடைக்குச் செல்லும். பின்னதை முன்னது எனக் கருதினால், குறையை ஈடுசெய்வதாக எண்ணித் தேவைக்கு மேல் காப்புப்பொருள் சேர்க்கப்படலாம். இவற்றைப் பிரித்தறிவதே இப்பகுப்பாய்வின் மிக முக்கியமான பகுதியாகும்.

நுரைத்தல். செந்தரக் கரைசலை வன்மையாகக் குலுக்கினால் நுரை எழும். குடுவையின் அளவுக் கோட்டைச் சரியாகக் காண இயலாது. மேலும் நுரையில் பென்சல்கோனியம் செறிந்திருக்கும். ஆகவே மெல்லச் சுழற்றியே கலக்க வேண்டும்.

ஈரம். திண்ம நிலையிலுள்ள பென்சல்கோனியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நிறுத்த நிறையில் நீரின் பங்கைக் கழிக்காவிடில், செந்தரத்தின் செறிவு உண்மையை விட மிகுதியாகக் கருதப்படும். அதனோடு ஒப்பிடப்படும் மருந்தின் அளவும் மிகைப்பட்டுவிடும்.

முகடு மறைதல். மருந்தின் செயற்கூறோ, அது சிதைந்து உண்டாகும் பொருளோ அதே நேரத்தில் வெளிவந்தால் இரு முகடுகளும் ஒன்றாகத் தோன்றும். காப்புப்பொருள் நீங்கலாக மற்றெல்லாக் கூறுகளையும் கொண்ட வெற்றுக் கரைசலைத் தயாரித்துச் செலுத்தி, அந்நேரத்தில் முகடு எதுவும் தோன்றவில்லை என்று காட்டுவது இதற்கான சோதனை.

முறை சரிபார்ப்பு

ஒரு முறையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன் அது நம்பத்தக்கது என்று நிறுவ வேண்டும். இதற்கான பன்னாட்டு வழிகாட்டி ஐ.சி.எச். கியூ2 ஆகும், அதன் திருத்திய வடிவம் 2023 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. சரிபார்ப்பில் பின்வருவன ஆராயப்படுகின்றன.

தனித்தன்மை: பிற கூறுகளின் குறுக்கீடு இன்றிக் காப்புப்பொருளை மட்டும் அளக்கிறதா என்பது.
நேர்கோட்டுத் தன்மை: செறிவு கூடும்போது முகட்டின் பரப்பும் அதே விகிதத்தில் கூடுகிறதா என்பது.
மெய்மை: வெற்றுக் கரைசலில் அளவறிந்து சேர்த்த காப்புப்பொருள் முழுவதும் மீண்டும் கிடைக்கிறதா என்பது. பரப்புக் கவர்தலால் ஏற்படும் இழப்பு இச்சோதனையில் வெளிப்படும்.
மீளும் தன்மை: ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒத்த விடை வருகிறதா என்பது.
அளவிடத்தக்க கீழ் எல்லை: நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவு.

இவை தவிர, ஒவ்வொரு நாளும் பகுப்பாய்வைத் தொடங்கும் முன் செந்தரக் கரைசலை ஐந்து அல்லது ஆறு முறை செலுத்திக் கருவியின் நிலை சோதிக்கப்படும். பரப்புகளின் சிதறல் பொதுவாக 2 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

அளவும் ஆற்றலும்

காப்புப்பொருள் எவ்வளவு உள்ளது என்பதும், அது கிருமிகளைத் தடுக்கிறதா என்பதும் இரு வேறு வினாக்கள். நீர்ம நிறப்பிரிகை முதல் வினாவுக்கே விடை தருகிறது. குழாயினுள் செல்லும்போது, பிற பொருள்களோடு தளர்வாகப் பிணைந்திருந்த பென்சல்கோனியமும் விடுபட்டு அளவில் சேர்ந்துவிடும். குப்பியில் அது பிணைந்த நிலையிலேயே இருப்பதால், கிருமிக்கு எதிராகச் செயற்படாமல் போகலாம்.

இரண்டாவது வினாவுக்கு நுண்ணுயிரியல் சோதனை தேவை. மருந்தில் சூடோமோனாஸ் எருஜினோசா, ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ், கான்டிடா அல்பிகான்ஸ் போன்ற நுண்ணுயிர்களை அறிந்த எண்ணிக்கையில் சேர்த்து, 28 நாட்கள் வரை அவற்றின் எண்ணிக்கை கண்காணிக்கப்படுகிறது. அமெரிக்க மருந்து நூலின்படி, கண் மருந்தில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை 7 நாட்களில் பத்தில் ஒன்றாகவும், 14 நாட்களில் ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைந்து, அதன்பின் 28 ஆம் நாள் வரை கூடாமல் இருத்தல் வேண்டும். பூஞ்சைகளின் எண்ணிக்கை தொடக்க அளவை விடக் கூடலாகாது.

ஒவ்வொரு தொகுதிக்கும் 28 நாட்கள் இச்சோதனையைச் செய்வது நடைமுறையில் கடினம். எனவே மருந்தை உருவாக்கும் கட்டத்தில், எவ்வளவு காப்புப்பொருள் வரை குறைந்தாலும் சோதனையில் தேறுகிறது என்பது கண்டறியப்படுகிறது. அதனைக் கொண்டு கீழ் எல்லை வகுக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு தொகுதியிலும், காலாவதி நாள் வரையிலான நிலைத்தன்மை ஆய்விலும், நீர்ம நிறப்பிரிகையால் அவ்வெல்லை காக்கப்படுகிறதா என்று பார்க்கப்படுகிறது. சில நிமிடங்களில் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் தருவது, முன்னரே செய்யப்பட்ட 28 நாள் சோதனையே.

2023 ஆம் ஆண்டு நோய்ப்பரவல்

காப்புப்பொருள் பற்றிய வினா எத்துணை முக்கியமானது என்பதை அமெரிக்காவில் ஏற்பட்ட ஒரு நோய்ப்பரவல் காட்டியது. பல மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் கொண்ட சூடோமோனாஸ் எருஜினோசாத் தொற்று, செயற்கைக் கண்ணீர் மருந்துகளோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் 2023 மே மாதத்தில் வெளியிட்ட கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். 14 பேர் பார்வை இழந்தனர். 4 பேருக்குக் கண் அகற்றப்பட்டது. 4 பேர் உயிரிழந்தனர். அம்மருந்து தமிழ்நாட்டில் தயாரிக்கப்பட்டு ஏற்றுமதியானது. 2023 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது.

இம்மருந்து காப்புப்பொருள் அற்றது என்ற குறிப்புடன், பலமுறை பயன்படுத்தும் குப்பியில் விற்கப்பட்டது. போதிய காப்புப்பொருள் இன்றிப் பலமுறை பயன்படும் குப்பிகளில் கண் மருந்து தயாரிக்கப்பட்டதை, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுட்டிய குறைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. போதிய நுண்ணுயிர்ச் சோதனை இன்மையும் அவற்றுள் ஒன்று. காப்புப்பொருள் தூய்மையான தயாரிப்புக்கு மாற்று அன்று. அது திறந்த குப்பிக்கான இரண்டாம் அரண் மட்டுமே.

காப்புப்பொருளை முற்றிலும் தவிர்க்க விரும்பினால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் சிறு குப்பிகளோ, வெளிக்காற்றும் நீர்மமும் உள்ளே திரும்பாதவாறு வால்வு அல்லது வடிகட்டி பொருத்தப்பட்ட சிறப்புக் குப்பிகளோ தேவை.

பிற காப்புப்பொருள்கள்

குளோரோபியூட்டனால், மெத்தில் பாராபென், புரோப்பைல் பாராபென், சார்பிக் அமிலம், தயோமெர்சால், பாலிகுவாட்டர்னியம்-1, சோடியம் பெர்போரேட் முதலியனவும் கண் மருந்துகளில் பயன்படுகின்றன. பாராபென்களும் சார்பிக் அமிலமும் புறஊதா ஒளியை நன்கு உட்கவர்வதால் அவற்றை நீர்ம நிறப்பிரிகையால் எளிதில் அளக்கலாம். குளோரோபியூட்டனாலின் உட்கவர்தல் மிகக் குறைவு. எளிதில் ஆவியாகும் பொருள் ஆதலால் அதற்கு வளிம நிறப்பிரிகை பொருந்தும். சோடியம் பெர்போரேட் நீரில் ஐதரசன் பெராக்சைடை வெளியிட்டுச் செயற்படுகிறது; கண்ணில் பட்டதும் அது நீராகவும் ஆக்சிசனாகவும் சிதைந்துவிடும். எனவே காப்புப்பொருளின் இயல்புக்கு ஏற்ப அளவிடும் முறையும் மாறுகிறது.

பயன்படுத்துவோருக்கான குறிப்புகள்

காப்புப்பொருள் சரியான அளவில் இருந்தாலும், அதன் காப்பு எல்லையற்றது அன்று. பலமுறை பயன்படும் குப்பிகளைத் திறந்தபின் பொதுவாக நான்கு வாரங்களுக்குள் பயன்படுத்தி, எஞ்சியதை எறிந்துவிட வேண்டும். சிட்டையில் வேறு காலம் குறிக்கப்பட்டிருப்பின் அதனையே பின்பற்ற வேண்டும். குப்பியின் முனை கண்ணிலோ இமையிலோ விரலிலோ படலாகாது. ஒருவர் பயன்படுத்தும் குப்பியை மற்றவர் பயன்படுத்தலாகாது. நெடுநாள் மருந்திடுவோர்க்கு எரிச்சலோ உலர்வோ தோன்றினால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல், காப்புப்பொருள் அற்ற வடிவம் உண்டா என்று கண் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

நிறப்பிரிகை
கண் அழுத்த நோய்
நான்கிணைய அமோனியம் உப்புகள்
பரப்புக் கவர்தல்